"சரிங்க மேடம்"னு சொல்லிட்டு நின்னுடறோமே, அங்க என்ன நடக்குது?

வணக்கங்க. பின்னாடி கீழ தெரியறது நம்ம சேலம். ஏற்காடு மலைப்பாதையில ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி, வண்டியை ஓரங்கட்டிட்டுப் பேசறேன். காத்துச் சத்தம் கொஞ்சம் வரும்.

தெரபிக்கு, அதாவது மனசுக்கான பேச்சு சிகிச்சைக்குப் போற நிறைய பேர் ரெண்டாவது, மூணாவது தடவையோட நின்னுடறாங்க. சண்டை ஒண்ணும் நடக்காது. "சரிங்க மேடம், அடுத்த வாரம் வரேன்"னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வருவாங்க. அப்புறம் போன் பண்ணா எடுக்க மாட்டாங்க. அந்த "சரிங்க மேடம்" பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல கார்ல் ரோஜர்ஸ்ங்கற அமெரிக்க உளவியலாளர். 1902ல சிகாகோ பக்கத்துல பிறந்தவர். விவசாயம் படிக்கப் போனார், பாதிரியார் ஆகலாம்னு இறையியல் கல்லூரிக்குப் போனார், அதையும் விட்டுட்டு உளவியலுக்கு வந்தார். ராச்சஸ்டர்ங்கற ஊர்ல 12 வருஷம் குழந்தைகளோட வேலை. அங்க ஒரு அம்மா, அடங்காத பையனுக்காக வந்தாங்க. சின்னதுலயே அம்மா பையனை ஒதுக்கினதுதான் காரணம்னு ரோஜர்ஸ் முடிவு கட்டிட்டார். அதை அவங்களுக்குப் புரியவைக்க எத்தனையோ தடவை முயற்சி பண்ணார், நடக்கல. நிறுத்திக்கலாம்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சு, அந்த அம்மா கதவு வரைக்கும் போய்ட்டாங்க. அங்க நின்னு திரும்பி, "இங்க பெரியவங்களுக்கும் கவுன்சிலிங் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டாங்க. பண்ணுவோம்னு சொன்னதும் திரும்ப வந்து உக்காந்து, தன் கல்யாண வாழ்க்கையில பட்ட பாட்டையெல்லாம் கொட்டினாங்க. எங்க வலிக்குதுன்னு வர்றவங்களுக்குத்தான் தெரியும்னு ரோஜர்ஸ் கத்துக்கிட்டது அங்கதான்.

நம்ம ஊர்ல கதவு வரைக்கும் போனவங்க திரும்ப மாட்டாங்க. பெரியவங்க, படிச்சவங்க முன்னாடி குறை சொல்லக் கூடாதுன்னு வளர்ந்தவங்க நாம.

1957ல ரோஜர்ஸ் எழுதின கட்டுரையில தெரபிஸ்ட்கிட்ட இருக்க வேண்டியதா மூணு விஷயம் வருது. எதிர்ல இருக்கறவரோட கண்ணால பார்த்துப் புரிஞ்சுக்கறது. நீ இப்படி இருந்தாத்தான் மதிப்பேன்னு நிபந்தனை போடாம மதிக்கறது. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு நடிக்காம இருக்கறது. இதை "அன்பாப் பேசுவாங்க"ன்னு சுருக்கிடாதீங்க. அன்பாப் பேசிக்கிட்டே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அங்க ரெண்டாவது விஷயம் அடிபட்டுப் போச்சு.

தெரபிஸ்ட்டும் வர்றவரும் சேர்ந்து வேலை செய்யற கூட்டுறவை, 1979ல எட்வர்ட் போர்டின்ங்கற உளவியலாளர் இன்னும் கைக்கு அடக்கமாச் சொன்னார்: இலக்கு, வேலை, பிணைப்பு. எங்க போறோம், அதுக்கு என்ன செய்யறோம், நடுவுல நம்பிக்கை இருக்கா. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப் பட்டறை வச்சிருக்கற ஒருத்தர் தூக்கம் வரணும்னு வர்றார்னு வைங்க. தெரபிஸ்ட் நாலு வாரமா அவரோட அப்பாவைப் பத்தியே கேக்கறார். தூக்கத்துக்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஆனா ஏன் கேக்கறோம்னு சொல்லாம கேட்டா, அவர் மரியாதையாப் பதில் சொல்லிட்டு அஞ்சாவது வாரம் வர மாட்டார். பிணைப்பு நல்லாத்தான் இருந்திருக்கும், இலக்குதான் விட்டுப் போச்சு.

2018ல 295 ஆய்வுகளை ஒண்ணு சேர்த்துப் பார்த்தாங்க, 30,000 பேருக்கு மேல. இந்தக் கூட்டுறவுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு 0.278 (0ன்னா தொடர்பே இல்ல, 1ன்னா முழுத் தொடர்பு). பலன்ல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல ஏறக்குறைய 8 சதவீதம் இதோட சேர்ந்து வருது. சின்னதாத் தெரியும். ஆனா எந்த முறை தெரபியா இருந்தாலும் இது திரும்பத் திரும்ப வருது. அதுக்காக உறவு மட்டும் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கையைக் கழுவிக்கிட்டே இருக்கற ஓசிடி மாதிரி பிரச்சினைக்கு, பயப்படற விஷயத்தைப் படிப்படியா எதிர்கொள்ற பயிற்சி வேணும். யாருமே பேசாத குரல் காதுல கேட்டா முதல்ல மனநல மருத்துவர். சேலத்துல அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு.

இப்ப தெரபிஸ்ட்டுக்கும் வர்றவருக்கும் நடுவுல விழற விரிசலுக்கு வரேன், இதை நிதானமாக் கேளுங்க. ஜெரமி சஃப்ரன், கிறிஸ்டஃபர் முரன்ங்கற ரெண்டு உளவியலாளர்கள் இந்த விரிசலை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒண்ணு நேரா மோதறது: "உங்ககிட்ட வந்து ஒரு பிரயோஜனமும் இல்ல." இன்னொண்ணு பின்வாங்கறது: சுருக்கமாப் பதில் சொல்றது, பேச்சை மாத்தறது, எல்லாத்துக்கும் தலையாட்டறது. நம்ம "சரிங்க மேடம்" ரெண்டாவது வகை. பணிவு மாதிரியே இருக்கறதால அனுபவசாலி தெரபிஸ்ட்கூடத் தவற விட்டுடுவாங்க.

நீங்க செய்ய வேண்டியது: அடுத்த செஷனுக்குப் போங்க. உக்காந்த உடனே, "போன வாரம் நீங்க சொன்ன ஒரு வார்த்தை மனசுலயே நிக்குது, முதல் பத்து நிமிஷம் அதைப் பேசலாமா?"ன்னு கேளுங்க. கடைசி அஞ்சு நிமிஷத்துல எடுக்காதீங்க, பாதியில நின்னுடும். நேர்ல சொல்ல வாய் வரலைன்னா ரெண்டு வரி எழுதிட்டுப் போய்க் கையில குடுங்க.

அப்புறம் அவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. நல்ல தெரபிஸ்ட் அவசரமா விளக்கம் சொல்ல மாட்டாங்க. எந்த வார்த்தை, அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க, தன் பங்கை ஒத்துக்குவாங்க. "நீங்க ரொம்ப சென்சிடிவ்"னு சொன்னாலோ, மன்னிப்புக் கேட்டு நாலு வார்த்தையில மூடிட்டாலோ, அது சரியாகல. இதுல ஏன் இவ்வளவு பலன்னா, மனசுல பட்டதைச் சொன்னா சண்டை வரும், இல்ல பேச்சு நின்னுடும்னே வாழ்ந்தவருக்கு, சொன்ன பிறகும் உறவு நிக்குதுங்கற அனுபவம் கிடைக்குது. அடுத்து வீட்ல சொல்லிப் பார்க்க தைரியம் வரும்.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. தப்பாத் தொடறது, கடன் கேக்கறது, வியாபாரத்துல சேத்துக்கறது, இதெல்லாம் பேசிச் சரி பண்ற விரிசல் கிடையாது. அன்னைக்கே வெளிய வந்துடுங்க, புகார் குடுங்க.

விரிசலை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி இருக்கு. செஷன் முடியறப்ப ஒரு தாள்ல நாலு கேள்விக்கு நாலு கோடு, ஒவ்வொண்ணும் 10 செ.மீ. கேட்டுப் புரிஞ்சுக்கிட்டாங்களா, வேணும்னு நினைச்சதைப் பேசினோமா, இந்த முறை ஒத்து வருதா, மொத்தத்துல எப்படி. கோட்டுல புள்ளி வச்சு ஸ்கேலால அளந்தா மொத்தம் 40. 36க்குக் கீழ போனா அங்கயே பேசணும். நம்ம ஆளுங்க மரியாதைக்காக 40க்கு 40 போட்டுடுவாங்க, அதனால "இன்னைக்கு எது கொஞ்சம் கம்மியா இருந்துச்சு?"ன்னு வாயாலயும் கேக்கறது நல்லது. மூணாவதுலேர்ந்து அஞ்சாவது செஷனுக்குள்ள நம்பிக்கை துளிர்க்கலைன்னா, வேற ஆளைப் பத்தி அவங்ககிட்டயே கேளுங்க.

படிப்பு விஷயம் சுருக்கமா. சைக்கியாட்ரிஸ்ட்னா மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடிச்சு மனநல மருத்துவத்துல மேல்படிப்பு படிச்ச டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு போர்டு வச்சா இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கணும், கேளுங்க. எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் அதுக்குப் போதாது. சட்டிஃபிகேட்டைவிட எனக்கு முக்கியமாப் படற கேள்வி: "நீங்க இப்ப சூப்பர்விஷன் போறீங்களா?" மூத்தவர் ஒருத்தர்கிட்ட தன் வேலையைக் காட்டித் திருத்திக்கறவங்களுக்கு, தன் தப்பைக் கேட்டுக்கற பழக்கம் ஏற்கெனவே இருக்கும்.

சேலம் மாதிரி ஊர்ல இன்னொரு சிக்கல், எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. சொந்தக்காரர், உங்க பிள்ளைக்கு டீச்சர், உங்க கடை வாடிக்கையாளர், இவங்க யாரும் உங்களுக்குத் தெரபிஸ்ட்டா வேண்டாம். அஸ்தம்பட்டியிலயோ கோடை விழாக் கூட்டத்துலயோ எதிர்ல பார்த்தா என்ன பண்றதுன்னு முதல் நாளே பேசிக்கோங்க. அவங்க முதல்ல வணக்கம் சொல்ல மாட்டாங்க, நீங்க சொன்னா திருப்பிச் சொல்வாங்க, அவ்வளவுதான். மாமியார் வெளிய உக்காந்துட்டு "என்ன சொன்னா?"ன்னு கேட்டா, தெரபிஸ்ட் சொல்லக் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவு அந்த ரகசியத்தைக் காக்குது. உயிருக்கு ஆபத்துன்னா அதை மீறலாம், குழந்தை மேல பாலியல் குற்றம் நடந்திருந்தா மீறித்தான் ஆகணும். அதை முதல் செஷன்லயே அவங்க சொல்லணும்.

எஸ்டேட் பக்கம் இருக்கறவங்களுக்கு, வாரா வாரம் 20 வளைவு இறங்கி ஏறினா அரை நாள் கூலி போயிடும். ஆன்லைன் சரிதான், ஹெட்போன் போடுங்க, கதவுக்கு வெளிய யார் இருக்காங்கன்னு பாருங்க. பள்ளத்துல டவர் போகும். லைன் கட் ஆனா யார் திரும்பக் கூப்பிடறது, எத்தனை நிமிஷம் காத்திருக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. அழுதுட்டு இருக்கறப்ப லைன் போய், ரெண்டு பேரும் மத்தவர் கூப்பிடுவார்னு உக்காந்திருந்தா, அதுவே விரிசலாயிடும். ராத்திரி தாங்க முடியாம இருந்தா அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்காதீங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.