பள்ளிப் புகைப்பட வகுப்புக்கு முதல் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

[திரையில்: கேமராவின் மேலிருக்கும் டயல், மிக அருகில்]

இந்த டயலில் 'எம்' என்றோர் எழுத்து இருக்கிறது, பாருங்கள். புகைப்பட வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைத் தேடுங்கள். எம் என்றால் மேனுவல். வெளிச்சம் நுழையும் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளையே முடிவு செய்யலாம். அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று வகுப்பில் சொல்வது இவற்றைத்தான்.

போன் போதாதா? அழகான படம் எடுக்கப் போதும். ஆனால் பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது. போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை மங்கலாக்குவதும் மென்பொருள்தான். துளையின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8-இல் ஒரு படம், எஃப் 11-இல் ஒரு படம் எடுத்து, முகத்துக்குப் பின்னால் கரைந்து கிடந்த மரம் இலை இலையாகத் தெரிவதைப் பிள்ளை தானே பார்க்க வேண்டும். பத்துப் பக்கம் படித்தாலும் அப்படிப் புரியாது.

[திரையில்: அந்த இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில்]

கடைக்குப் போகும் முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில வகுப்புகளில் இன்றும் பிலிம்தான். அப்படியென்றால் 1976-இல் வந்த பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமரா போதும். அதில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடும்.

டிஜிட்டல் என்றால், நான் சொல்வது செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் காட்டும் காட்சியை உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாகக் கண்ணுக்குக் காட்டும் கேமரா. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவும் நல்லதுதான், படம் எப்படி வரும் என்பதை எடுக்கும் முன்பே காட்டிவிடும். ஆனால் நிறுவனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டுமே 2018-இல் வந்தவை, இரண்டிலும் 24 மெகாபிக்சல், மேனுவல் மோட், சென்சார் பதிந்ததைப் பெரிதாக மாற்றாமல் சேமிக்கும் ரா ஃபைல் எல்லாம் உண்டு. அதற்கு மேல் மெகாபிக்சல் கணக்கு பார்க்க வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள். கூடவே வரும் 18-55 கிட் லென்ஸை ஜூம் செய்தால் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை வெளிச்சத்தில், வீட்டுக்குள், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க முடிகிறது என்றால் பிள்ளை கேமராவைக் கீழே வைக்காது. இதில் ஒன்று கவனியுங்கள்: நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு என்பதைக் காட்டும் ஏஎஃப்-எஸ் என்ற குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

[திரையில்: லென்ஸுக்குள் டார்ச் வெளிச்சம்]

செகண்ட் ஹேண்டில் ஏமாறாமல் இருக்க, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். அப்புறம் எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. அது பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஷட்டர் எண்ணிக்கையையும், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதையும், கேளுங்கள். டி3500-இன் ஷட்டர் 1,00,000 முறை அழுத்திச் சோதிக்கப்பட்டது. 15,000 ஓடியிருந்தால் அது இளசு.

சரி, பணம் கொடுக்கும் முன் கேமராவைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். டி3500, 1500டி போன்ற கேமராக்களில் சுழற்றும் சக்கரம் ஒன்றுதான். மேனுவலில் அப்பர்ச்சரை மாற்ற, ஒரு பட்டனை அழுத்தியபடியே அதைச் சுழற்ற வேண்டும். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைச் செய்ய விரல் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.