குப்பை வண்டி எந்த வாசலில் நிற்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

நகர மையத்தில் புதிது புதிதாக எழும்பும் கட்டடங்களைப் பற்றி அங்கே குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் இரட்டை வேடம். 30 வருடமாகக் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன் நான். நகர மையத்தில், ஒரு பழைய கட்டடத்தின் 4-வது மாடியில் குடியிருப்பவனும் நான்தான். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மேடைப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே பொதுமக்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டங்களுக்குப் போயிராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஒரு திரை இருக்கும். அதில், வரப்போகும் கட்டடத்தின் வண்ணப்படம். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். கீழே வரிசையாக மரங்கள், நட்டு 20 வருடம் ஆன மாதிரி கிளை பரப்பி நிற்கும். ஒரு பெண் குழந்தையைக் கைப்பிடித்து நடந்துபோவார், ஒருவர் சைக்கிளில் போவார். தெருவில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்காது. கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த மரங்களில் பலவற்றை நட்டவனே நான். கணினியில் மரம் நட இரண்டு சொடுக்கு போதும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

அப்படி ஒரு கூட்டத்தில், எங்கள் தெருவுக்கு எதிரே வரவிருந்த 22 மாடிக் கட்டடத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். பேச்சு முழுக்க உயரம்தான். 22-ஆ, 18-ஆ, ஏன் 15 போதாதா? கட்டுபவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள், நாங்கள் ஒரு பக்கம் இழுத்தோம். எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "அது சரி, குப்பை வண்டி எந்த வாசலில் நிற்கும்?" என்று கேட்டார். மேடையில் இருந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அதெல்லாம் அப்புறம் முடிவாகும்" என்று பதில் வந்தது. கூட்டக் குறிப்பை அடுத்த வாரம் வாங்கிப் பார்த்தேன். "உயரம் குறித்து ஆட்சேபம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தக் கேள்வியைக் காணோம்.

எனக்கு அன்றைக்கு அந்த அம்மா மட்டும்தான் கட்டடத்தைச் சரியான இடத்திலிருந்து பார்த்தார் என்று தோன்றியது. எதிர்வீட்டுக்காரருக்கு 17-வது மாடியும் 21-வது மாடியும் ஒன்றுதான், அண்ணாந்து பார்த்தால் தவிரத் தெரியாது. தினமும் உரசிக்கொண்டு போவது கட்டடத்தின் முதல் ஐந்து மீட்டரை. வாசல் எங்கே, சுவர் எங்கே, நிழல் எங்கே, வண்டி எங்கே உள்ளே திரும்புகிறது, இதெல்லாம் அந்த ஐந்து மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இப்போது அந்தக் கட்டடம் வந்துவிட்டது. என் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அதன் பக்கவாட்டுச் சுவர் வருகிறது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், 64 அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த 64 அடியில் ஒரு ஜன்னல் இல்லை. நடுவில் ஒரு இரும்புக் கிராதி, அதிலிருந்து சூடான காற்று முழங்கால் உயரத்தில் அடிக்கும். அப்புறம் ஒரு ஷட்டர். அப்புறம் மறுபடியும் சுவர். பகலில் சலிப்பு, அவ்வளவுதான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் என் மனைவி எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறாள். மூன்று வருடமாகியும் அந்த வழக்கம் மாறவில்லை.

அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பது கார் நிறுத்துமிடம். ஒரு காரை நிறுத்தும் கட்டம் மட்டும் ஏறக்குறைய 12 சதுர மீட்டர். உள்ளே வரும் சரிவு, திரும்பும் இடம் எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25-லிருந்து 30 சதுர மீட்டர் ஆகிவிடும். இரண்டு கார் தூங்கும் இடத்தில் ஒரு சின்னக் குடும்பம் வாழலாம். பூமிக்கு அடியில் தோண்டினால் செலவு எகிறும், அதனால் தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் கார்களை அடுக்கி, வெளியே சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கட்டுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்று பல நகரங்களில் விதியே கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரம் 2017-ல் அந்தக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது. ஆனால் எங்கள் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? "பார்க்கிங் போதாது, இன்னும் கூட்டுங்கள்" என்று கேட்டதே குடியிருப்பவர்களாகிய நாங்கள்தான். கேட்டது கிடைத்தது. அந்த 64 அடியில் என் பங்கும் ஒரு பத்து அடியாவது இருக்கும்.

சுவருக்குப் பதிலாகக் காலியிடம் விட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1961-ல் வந்த விதிப்படி, கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்குத் திறந்த முற்றம் விட்டால் மேலே கூடுதல் தளம் கட்டிக்கொள்ளலாம். விட்டார்கள். பல முற்றங்களில் காக்கை கூட உட்காரவில்லை. வில்லியம் வைட் என்பவர் 1970-களில் கேமராவை வைத்து அந்த முற்றங்களைப் பொறுமையாகப் படம் பிடித்தார். எங்கே உட்கார வசதி இருக்கிறதோ அங்கேதான் ஆட்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டது. சிரிக்காதீர்கள், இதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது! 1975-ல் விதி திருத்தப்பட்டு, இருக்கை வைப்பது கட்டாயமானது. அவர் கவனித்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் அதை ஒரு சாண் இப்படியோ அப்படியோ இழுத்துப் போட்டுத்தான் பலர் உட்காருகிறார்களாம். வெயிலுக்காகவும் இல்லை, நிழலுக்காகவும் இல்லை. இது என் இடம் என்று சொல்லிக்கொள்ளத்தான்.

உயரம் பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரமான கட்டடம் தன் தொல்லையைக் கீழே கொண்டுவந்து இறக்கும். உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடும், அது கட்டட முகப்பில் மோதிச் சறுக்கி நடைபாதைக்கு வரும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் 112 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றின் அருகே 2011-ல் அப்படி அடித்த காற்றில் ஒரு லாரி சாய்ந்து, நடந்துபோன ஒருவர் உயிரிழந்தார். காற்றைத் தடுக்கும் பலகைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. அதனால் "எத்தனை மாடி?" என்று கேட்பவரைவிட, "காற்றுச் சோதனை செய்தீர்களா, அந்த அறிக்கை எங்கே?" என்று கேட்பவரைக் கண்டால் மேடையில் இருப்பவர்களுக்கு வேர்க்கும். மேடையில் இருந்திருக்கிறேன், தெரியும்.

குடியிருப்பவர்கள் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. கோபன்ஹேகனில் 1962-ல் முக்கியக் கடைத்தெருவைக் கார் புகாத நடைத்தெருவாக மாற்றியபோது, வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்களே எதிர்த்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தத் தெருவில் இன்றைக்கு நடக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம். புதிதாகக் குடிவந்தவர்களின் கதை இன்னொரு மாதிரி. நகரத்தின் கலகலப்புக்காகவே மையத்தில் வீடு வாங்குவார்கள், வாங்கின ஆறாம் மாதம் பக்கத்து இசை அரங்கின் சத்தம் தாங்கவில்லை என்று புகார் எழுதுவார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதற்கு 2014-ல் ஒரு விதி போட்டார்கள். அரங்கு முன்பே இருந்தால், சத்தம் புகாதபடி கட்டும் பொறுப்பு புதிதாகக் கட்டுபவருடையது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

இதைவிட என்னை உறுத்துவது கூட்டத்துக்கு வராதவர்கள். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு யார் வர முடியும்? சொந்த வீடு இருப்பவர், வயதானவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்து எண்ணினார்கள். வீடு கட்டும் திட்டங்களைப் பற்றிப் பேசியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் எதிர்ப்பு. ஆதரித்தவர்கள் பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்தப் புதுக் கட்டடத்தில் குடியேறப்போகும் ஆள் அந்த அறையில் இருப்பதே இல்லை, அவருக்கே இன்னும் அது தெரியாதே. பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருந்து, தெரு பளபளப்பானதும் வாடகை ஏறி வெளியேறப்போகிறவரும் இல்லை. லண்டனில் வசதிக்காரர்கள் தொழிலாளர் பகுதிகளுக்குக் குடிவந்து பழையவர்களைத் தள்ளிவிட்டதைப் பார்த்து, அதற்கென்று ஆங்கிலத்தில் "ஜென்ட்ரிஃபிகேஷன்" என்று ஒரு சொல்லையே 1964-ல் உருவாக்கினார் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். எங்கள் கீழ்த்தளத்தில் இருந்தவர் ராத்திரி வேலைக்காரர், கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கருத்துக்கேட்பு நடந்ததாக ஆவணம் சொல்கிறது, அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பது அதில் கீழேயிருந்து நான்காவது படிதான். நாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கூட்டம் அறிவிக்கும்போதே தூண் எங்கே, சரிவு எங்கே என்று வரைபடத்தில் உறுதியாகிவிட்டிருக்கும். மிச்சம் இருப்பது சுவரின் நிறம்.

அதனால் இப்போதெல்லாம் கூட்டத்துக்கு முன்பே போய் வரைபடத்தைக் கேட்கிறேன், வண்ணப்படத்தை அல்ல, தரைத்தள வரைபடத்தை. பென்சிலால் சுவரின் நீளத்தை அளக்கிறேன். பின்வரிசை அம்மாவும் கூட வருகிறார். குப்பை வண்டி இப்போது நடைபாதையில் ஏறித்தான் நிற்கிறது, காலையில் நாங்கள் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடக்கிறோம்.

போன மாதம் இரண்டு தெரு தள்ளி இன்னொரு திட்டத்துக்குக் கூட்டம் நடந்தது. திரையில் வழக்கமான நீல வானம், வழக்கமான மரங்கள். அந்த அம்மா என் முழங்கையை இடித்துப் படத்தின் ஓரத்தைக் காட்டினார். மரங்களுக்குப் பின்னால், கொஞ்சம் சின்னதாக, ஒரு குப்பை லாரி வரைந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "ஓட்டுநர் இல்லையே" என்றார்.

வணக்கம்.