272 பேரின் பெயர்ப் பட்டியல்: ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தன் கடனைத் தேடிய கதை

[திரையில்: பழுப்பேறிய கையெழுத்துத் தாள். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது ஒரு விற்பனை ஒப்பந்தம். தேதி, 1838 ஜூன் 19. விற்றவர் தாமஸ் மலெடி. கத்தோலிக்கப் பாதிரியார், மேரிலாந்து இயேசு சபையின் தலைவர். வாங்கியவர்கள் லூசியானாவைச் சேர்ந்த இருவர், அதில் ஒருவர் அம்மாநில முன்னாள் ஆளுநர். விலை 1,15,000 டாலர்.

விற்றது என்ன? இந்த வரியைப் பாருங்கள். ஐசக், வயது 65. அவருடைய மூத்த மகன் சார்ல்ஸ், 40. மகள் நெல்லி, 38. அப்புறம் சிறுமிகள், கைக்குழந்தைகள் என்று பட்டியல் நீள்கிறது. மொத்தம் 272 பேர்.

[திரையில்: மேரிலாந்து, வாஷிங்டன், லூசியானா வரைபடம்]

இயேசு சபைக்கு மேரிலாந்தில் பெரிய தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். அதே சபை வாஷிங்டனில் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரி, அதாவது இன்றைய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், கட்டடம் கட்டிக் கடனில் மாட்டிக்கொண்டிருந்தது. விற்பனையின் முதல் தவணை 25,000 டாலர். அதில் சுமார் 17,000 அந்தக் கடனை அடைக்கப் போனது. ரோமில் இருந்த சபைத் தலைவர் விற்பனைக்கு அனுமதி கொடுத்தபோதே நிபந்தனைகள் போட்டிருந்தார்: குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக் கூடாது. இரண்டுமே மீறப்பட்டன. ஆட்களை விற்கலாம், ஆனால் பணத்தை ஒழுங்காகச் செலவழிக்க வேண்டும் என்ற அந்த நியாயத்தை என்னவென்று சொல்வது!

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று நினைக்காதீர்கள். ஜார்ஜ்டவுன் வரலாற்றுப் பேராசிரியர் எம்மெட் கர்ரன் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருந்தார். 1990-களில் அங்கேயே சில ஆவணங்களை இணையத்தில்கூட ஏற்றினார்கள். படித்தவர்கள் படித்தார்கள், வளாகத்தில் மலெடி பெயர் தாங்கிய கட்டடம் அப்படியே நின்றது. 2015-ல் அதைப் புதுப்பித்துத் திறக்கும் நேரத்தில்தான் மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த நவம்பரில் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்தும் விட்டார்கள். சில நாட்களிலேயே பெயர் நீக்கப்பட்டது.

[திரையில்: ஆவணக் காப்பக இணையதளத்தின் தேடல் பக்கம்]

சரி, வரலாற்றுத் துறை என்ன செய்தது? பேராசிரியர் ஆடம் ராத்மன், பல்கலைக்கழகம் அமைத்த ஆய்வுக் குழுவில் இருந்தவர். அவர் முன்னின்று 2016-ல் 'ஜார்ஜ்டவுன் அடிமைமுறை ஆவணக் காப்பகம்' தொடங்கியது. ஒப்பந்தம், தோட்டக் கணக்கு, ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பட்டியல் எல்லாம் இணையத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வந்தன. என் கணக்கில் இந்தக் கதையின் திருப்பம் இங்கேதான். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பொதுவாகப் பெயரே கிடையாது. உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம், அவ்வளவுதான். ஆனால் இந்த 272 பேர் விஷயத்தில் பாதிரியார்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார்கள். கணக்குப் பிள்ளைபோல எழுதிய அந்தக் கையே பின்னாளில் சாட்சியாகிவிட்டது.

[திரையில்: கப்பல் பட்டியலின் ஒரு பத்தி, பெயர், வயது, உயரம்]

இது 'கேத்தரின் ஜாக்சன்' கப்பலின் பட்டியல். 1838 இறுதியில் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிப் போனது. ஒவ்வொருவருக்கும் எதிரே உயரம் அடி, அங்குலக் கணக்கில். சட்டப்படி எழுத வேண்டிய விவரம் அது.

பட்டியலில் இருந்த கொர்னீலியஸ் ஹாக்கின்ஸ் அப்போது 13 வயதுப் பையன். லூசியானா போன பிறகும் கத்தோலிக்கராகவே வாழ்ந்ததால், தேவாலயப் பதிவுகள் வழியே அவரைப் பின்தொடர முடிந்தது. மாரிங்வின் என்ற சிற்றூரில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் வழியில் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

வம்சாவளி ஆய்வாளர்களும் முன்னாள் மாணவர் ஒருவர் தொடங்கிய தனித் திட்டமும் இறங்கியபோது, சந்ததியினர் ஆயிரக்கணக்கில் தெரியவந்தார்கள். அவர்கள் சும்மா வரவில்லை. குடும்பப் படங்களோடும் பாட்டிமார் சொன்ன கதைகளோடும் வந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெட்டிகளில் இல்லாத பாதிக் கதை அவர்களிடம் இருந்தது.

[திரையில்: 2017 ஏப்ரல் 18 நிகழ்ச்சி, புதிய பெயர்ப் பலகை]

2017-ல் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் சந்ததியினர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டன. மலெடி கட்டடத்துக்கு, ஒப்பந்தத்தின் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் வைக்கப்பட்டது. இன்னொரு கட்டடத்துக்கு ஆன் மேரி பெக்ராஃப்டின் பெயர். அதே ஜார்ஜ்டவுன் பகுதியில் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்தியவர் அவர். சந்ததியினர் சேர்க்கைக்கு விண்ணப்பித்தால், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் அதே கவனம் கிடைக்கும் என்று 2016-லேயே அறிவித்திருந்தார்கள்.

பணம் என்று வந்ததும் பேச்சு கடினமானது. 2019-ல் இளநிலை மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சந்ததியினருக்காக ஒவ்வொருவரும் ஒரு பருவத்துக்கு 27.20 டாலர் கட்டணமாகச் செலுத்துவது என்று சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானித்தார்கள். 272-ஐ அந்தத் தொகையில் கவனித்தீர்களா? நிர்வாகம் அதைக் கட்டணமாக ஏற்கவில்லை. ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் நிதியைத் தானே திரட்டிச் சந்ததியினர் வாழும் ஊர்களின் திட்டங்களுக்குத் தருவதாகச் சொன்னது. 2021-ல் இயேசு சபை, சந்ததியினரோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் உறுதியளித்தது.

தொகை பெரிதுதான். ஆனாலும் மாணவர்கள் கேட்டது வேறு என்றே எனக்குப் படுகிறது. கட்டணம் என்றால் ஒவ்வொரு மாணவரின் பில்லிலும் அந்த வரி வரும். ஏன் இது என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாக யாராவது கேட்பார்கள். நன்கொடை நிதியில் அந்தக் கேள்வி எழாது.

அடுத்த வீடியோவில் லண்டன் போகிறோம். 1833-ல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, உரிமையாளர்களுக்கு. அந்தப் பட்டியலை ஒரு வரலாற்றுத் துறை எப்படித் தேடக்கூடிய தரவுத்தளமாக மாற்றியது என்று பார்ப்போம்.