மணற்பெட்டி

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, இந்தப் பள்ளிக்குக் கணினிகளை வழங்கியிருக்கும் முன்னாள் மாணவர் சங்கத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் முதல் வகுப்பு ஆசிரியை அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

‘சாண்ட்பாக்ஸ்’ என்ற சொல்லுக்கு உள்ள நான்கு பொருள்களைச் சொல்ல வந்திருக்கிறேன். குழந்தைகள் விளையாடும் மணற்பெட்டி, ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காதபடி மணல் தூவும் ரயில் எஞ்சின் பெட்டி, எழுதிய மை உலர மணல் தூவிய பழைய எழுத்தர்களின் சிமிழ் ஆகிய மூன்றோடு, கணினிக்குள்ளும் ஒன்று இருக்கிறது.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பார்கள். பழகுகிறவன் பிழை செய்வான். அந்தப் பிழையைத் தாங்கும் இடம்தான் மணற்பெட்டி.

சென்னை எழும்பூரில் 1789-இல் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியொன்றின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதுவதைக் கண்டார். தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். திரும்பி வந்ததும் தம் பள்ளியிலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். மிகக் கீழ் வகுப்பின் ஆசிரியர் அது நடக்காது என்று சொல்லிவிட்டார். பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அந்த வகுப்பையே அவனிடம் ஒப்படைத்தார். அவன் சாதித்துக் காட்டினான்! 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு நம் மணல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் நுழைந்தது.

கணினியில் நடப்பதும் அதுவே. நம்பலாமா என்று தெரியாத கோப்பொன்றை விண்டோஸில் உள்ள ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற வசதியில் திறந்தால், அது தனி அறையில் பூட்டப்பட்டதுபோல் இயங்கும். அந்தச் சாளரத்தை மூடியதும் உள்ளே நடந்ததெல்லாம், மணலைத் தடவிவிட்டதுபோல, அழிந்துவிடும். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், நிரல் எழுதுவதும் கைப்பழக்கமே. ஆனால் ‘எதையும் தொடாதே’ என்ற பலகையோடு பூட்டிக் கிடந்த கணினி அறைகளை நான் பார்த்திருக்கிறேன். தொடாத கை எப்படிப் பழகும்?

ஆகவே தலைவர் அம்மையாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். இந்த அறையின் சாவி மாணவர் தலைவனிடமும் ஒன்று இருக்கட்டும். வெளியே அந்த வேப்பமரத்தடியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, நான்கு வரிசைச் செங்கல் கட்டி ஒரு வண்டி மணல் கொட்டித் தாருங்கள். மணலுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.