ஸ்டீராய்டு போடும் முன் நில்லுங்கள்: அவசரப் பிரிவில் குழந்தைகளின் ரத்தநோயும் புற்றுநோயும்

(திரையில்: நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சிரைக்கும் குழந்தை)

நெபுலைசர் வைத்தாயிற்று, இரைப்பு அடங்கவில்லை. அடுத்து கை தானாக ஸ்டீராய்டு பக்கம் போகும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இதற்கு முன் ஆஸ்துமாவே வராத குழந்தையா? படுக்க மறுக்கிறதா? முகம் வீங்கி, கழுத்து நரம்புகள் புடைத்திருக்கின்றனவா? அப்படியானால் முதலில் மார்பு எக்ஸ்ரே, உட்காரவைத்தபடியே.

நெஞ்சின் நடுவே லிம்ஃபோமாவோ (நிணநீர்ப் புற்றுநோய்) டி-செல் லுக்கேமியாவோ (ஒருவகை ரத்தப் புற்றுநோய்) கட்டியாக வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருக்கலாம். இந்தக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தாலோ, ஸ்கேனுக்காக மயக்க மருந்து கொடுத்தாலோ மூச்சே நின்றுபோகலாம். தசை தளர்ந்ததும் கட்டியின் பாரம் குழாய்மேல் இறங்கிவிடும்.

ஸ்டீராய்டு லுக்கேமியா செல்களை வேகமாகக் கொல்லும். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் நோயின் தடயம் கலைந்து, எந்த வகை என்று கண்டுபிடிப்பதே சிக்கலாகும். உடைந்த செல்களிலிருந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் மூன்றும் ரத்தத்தில் கொட்டும், கால்சியம் இறங்கும். சிறுநீரகம் படுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். மூச்சுக்குழாய் அடைபடும் நிலையில் ஸ்டீராய்டு தேவைப்படலாம். அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

(திரையில்: அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்)

காய்ச்சலோடு இந்தப் புள்ளிகள் வேகமாகப் பரவி, குழந்தை துவண்டுபோனால் மெனிங்கோகாக்கல் என்ற ஆபத்தான பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். வைரஸ் காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில், ஓடியாடும் குழந்தைக்குப் பிளேட்லெட் மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஐ.டி.பி., அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் நோய். ஆனால் வெளிறியிருக்கிறது, கால்வலியில் இரவில் விழித்து அழுகிறது, நொண்டுகிறது, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது... இவற்றில் ஒன்று இருந்தாலும் கேஸ் ஷீட்டில் ஐ.டி.பி. என்று எழுத அவசரப்படாதீர்கள். வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்ற ஆறுதலும் வேண்டாம். லுக்கேமியாவில் அது இயல்பாகவும் இருக்கும், குறைந்தும் இருக்கும். பிளாஸ்ட் என்னும் முதிராத புற்றுசெல்களை மெஷின் லிம்ஃபோசைட் என்ற சாதாரண வெள்ளை அணுவாக எண்ணிவிடுவதுண்டு. ரத்த ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

வெள்ளை அணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் வேறு ஆபத்து. ஹீமோகுளோபின் குறைவு என்று சிவப்பணுக்களை மளமளவென ஏற்றினால் ரத்தம் இன்னும் கெட்டியாகி, மூளையில் அடைப்போ கசிவோ வரலாம். முதலில் பொட்டாசியம் கலக்காத டிரிப்ஸ்.

ஏற்கனவே கீமோதெரபியில் இருக்கும் குழந்தை என்றால் கணக்கு எளிது. ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடித்தால், வந்த 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா உள்ள குழந்தை தலையில் அடிபட்டு வந்தால், விளையாடிக்கொண்டிருந்தாலும் ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் ஊசி முதலில், சி.டி. ஸ்கேன் பிறகு. கடுமையான ஹீமோபீலியா ஏ என்றால் கிலோவுக்கு 50 யூனிட் ஃபாக்டர் 8; 15 கிலோ குழந்தைக்கு 750 யூனிட். வலி ஊசியைத் தசையில் போடாதீர்கள்.