தண்டவாளத் துண்டும் வேடியப்பனும்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்குத் தமிழம்மா. பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்று சொன்னால் போதும். பெயரைச் சொன்னால், 'எங்களைப் பத்தி ரேடியோவுல என்ன பேசினீங்க' என்று நாலு பேர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

'கிராமப் பள்ளியில் மாணவர் மன்றங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது மன்றம் இல்லை, மன்றப் பதிவேடு. உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறிலிருந்து பத்து வரை. நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. மற்றபடி இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், பசுமைப் படை, ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், நுகர்வோர் மன்றம், தொன்மை மன்றம் எல்லாம் உண்டு. ஆசிரியர்கள் ஒன்பது பேர். மன்றத்துக்கு ஒரு நீள நோட்டு. 'கூட்டம் நடைபெற்றது. மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.' மார்ச் மாதத்தில் ஒரே மூச்சில் உட்கார்ந்து, பேனாவை மட்டும் மாற்றி மாற்றிப் பத்து மாதத்துக் கூட்டத்தையும் நானே எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்றுவிட்ட தைரியத்தில் சொல்கிறேன்.

அந்த நோட்டுகளில் ஏறாத விஷயங்கள் சிலவற்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு வருடம் பத்தாம் வகுப்புக்குக் குழுப் படம் எடுக்கப் போட்டோக்காரர் வந்தார். 'சிரிங்க, சிரிங்க' என்கிறார். பிள்ளைகளில் பாதிப் பேர் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்கள். என்ன இது, துக்க வீடா என்று நானும் அதட்டினேன். முன்வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவை மெல்ல வாய்க்குக் கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்லில் காவிக் கறை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறையில் இருக்கிற ஃப்ளூரைடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்று தரக் கணக்குச் சொல்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் காவிரித் தண்ணீர் வராத நாளில், ஊரைத் தள்ளி, குழாய் எட்டாத கொல்லை வீட்டில், போர் தண்ணீர்தானே?

எங்கள் அறிவியல் டீச்சர் ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, தண்ணீர் பரிசோதிக்கிற பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் பீரோவில் இருந்தது. வாங்கி வந்துவிட்டார். 'நாளைக்கு அவரவர் வீட்டில் குடிக்கிற தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொண்டு வாங்க' என்றார். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வந்த எச்.எம். ஆடிப் போய்விட்டார். பையன்கள் வரிசையாகக் குவார்ட்டர் பாட்டிலோடு நிற்கிறார்கள். கிராமத்தில் சின்ன பாட்டில் என்றால் வேறு எது கிடைக்கும்? வெந்நீரில் கழுவித்தான் கொண்டு வந்திருந்தார்கள், பாவம்.

மருந்து விட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தால் பயமில்லை. மஞ்சள் பக்கம் போகப் போக ஃப்ளூரைடு அதிகம். ஒரே தெருவில் ஒரு வீட்டுத் தண்ணீர் சிவப்பு, அடுத்த வீட்டுத் தண்ணீர் மஞ்சள். பிள்ளைகள் சார்ட்டில் ஊர்ப் படம் வரைந்து, வீட்டுக்கு வீடு அந்த நிறத்தைத் தீட்டினார்கள். டேங்க் ஆபரேட்டர் சண்டைக்கு வந்தார். 'என் டேங்க்கைக் குறை சொல்றீங்களா?' என்று கேட்டவர், படத்தில் தன் வீடு மஞ்சளாக இருப்பதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம் அவர்தான் வாரா வாரம் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பல் ஈறுக்குள் உருவாகிற சின்ன வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடிக்கிற தண்ணீர்தான் அந்தக் கறையைத் தீர்மானிக்கிறது. பதினைந்து வயதில் நல்ல தண்ணீருக்கு மாறினால் எலும்புக்கு நல்லது, கறை போகாது. டீச்சர் இதை மறைக்கவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பின்னால் இருந்து ஒரு பையன் கேட்டான்: 'அப்ப என் தங்கச்சிக்கு?'

அதற்குப் பிறகு பெரியவர்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு எது, அங்கே தண்ணீர் என்ன நிறம் என்று பிள்ளைகளே கணக்கெடுத்தார்கள். காவிரித் தண்ணீர் வரும் குழாயில் பிடித்து, சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டி அங்கன்வாடிக்குக் கொண்டு போனார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தச் சார்ட்டைக் கொண்டு போய் விரித்தார்கள். கொல்லை வீடுகளுக்குக் குழாய் இழுக்கத் தீர்மானம் போட்டார்கள். குழாய் வர இரண்டு வருடம் ஆனது, அது வேறு கதை. சுற்றுச்சூழல் மன்ற நோட்டில் அந்த மாதப் பக்கம் காலியாகக் கிடந்தது. எழுத யாருக்கும் நேரமில்லை.

அடுத்தது தொன்மை மன்றம். அதற்கு நான்தான் பொறுப்பு.

பள்ளிக்கு மேற்கே ஒரு புளியந்தோப்பு, அதற்குள் வேடியப்பன் கோயில். கூரை கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல், தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் ஏறி உருவமே தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்களில் பல, சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகற்கள்தான். எனக்கு இது புத்தகத்தில் தெரியும். ஆனால் இருபது வருடம் அந்தத் தோப்பைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடந்திருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்பில் புறத்திணை நடத்திக்கொண்டிருந்தேன். வெட்சி, ஆநிரை கவர்தல், அதாவது மாட்டு மந்தையை ஓட்டிப் போவது. கரந்தை, ஆநிரை மீட்டல். பிள்ளைகள் பன்னிரண்டு திணையையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன், வாரத்தில் இரண்டு நாள் ஆடு ஓட்டப் போய்விடுகிறவன், எழுந்து நின்றான். 'அம்மா, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவனைத் தொரத்திப் போயி செத்தது எங்க வேடியப்பன்தாம்மா.' அவன் தாத்தாதான் அந்தக் கோயிலுக்குப் பூசாரி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தாத்தாவிடம் போனோம். கல்லைக் கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, நினைத்த நாளில் எல்லாம் தொடக் கூடாது, மாட்டுப் பொங்கலன்றுதான் எண்ணெய் கழற்றுவது என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் காத்திருந்தோம். அன்றைக்குப் பெரியவரே வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தார். முதலில் ஒரு கால் தெரிந்தது. அப்புறம் வில் பிடித்த கை. மார்பில் தைத்த அம்பு. காலடியில் சின்னச் சின்னதாக இரண்டு மாடு. தலைக்கு மேலே எழுத்து. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொல்லியல் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தோம். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தார். வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இரண்டு சொல்தான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. 'தொறு', 'பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். அவர் படித்துச் சொன்னதும் பூசாரித் தாத்தா கேட்டார்: 'இதைத்தானே எங்க பாட்டன் சொன்னாரு. இதுக்கு எதுக்குய்யா கல்லு மேல மை தடவணும்?'

தகடூர், அதாவது நம் தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டில், நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டிக் கள் படைப்பது வருகிறது. எங்கள் வேடியப்பனுக்கு வருடம் ஒரு முறை தாத்தா என்ன ஊற்றுவார் என்பதை வானொலியில் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரியும். மறுநாள் வகுப்பில் அந்தப் பாட்டை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, சிரித்து முடிக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

அந்த ஆடு மேய்க்கிற பையனுடைய அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் ஊரில் பாதி வீடு அப்படித்தான். பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது வளர்ந்த பையன்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஜனவரி 20 தேதிக்கு மேல் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கும். அவனையும் கூப்பிட்டார்கள். கல்லைப் பார்க்க ஆள் வரும், நான்தான் காட்ட வேண்டும் என்று சொல்லி அவன் போகவில்லை. தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கினான். கணக்கில் துணைத் தேர்வு எழுதித்தான் தேறினான்.

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறுவட்டப் போட்டிக்கு எங்கள் கோ-கோ பெண்கள் வெறுங்காலோடு ஓடித்தான் ஜெயித்தார்கள். கபடி விளையாடுகிற ஊர் இளைஞர்கள் தங்கள் மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்கள். கூத்துக் காலத்தில் மட்டும் எதுவும் நடக்காது. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். காலையில் வகுப்பே தூங்கும். முன்பெல்லாம் முட்டி போட வைப்பேன். ஒரு முறை எட்டாம் வகுப்புப் பையன் பெண் வேடம் கட்டி ஆடியதைப் போய்ப் பார்த்த பிறகு அந்தத் தண்டனையை விட்டுவிட்டேன். மேடையில் இரவு முழுக்கப் பாடுகிறவன் வகுப்பில் ஒரு செய்யுள் ஒப்பிக்கத் திணறுகிறான் என்றால், கோளாறு அவனிடம் இல்லை.

ஊரும் பள்ளியும் எப்போதும் ஒட்டி உறவாடின என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் பேசினார்கள். ரெட் கிராஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து என்னிடம் சொன்னார்கள். வீட்டில் போய்ப் பேசிப் பார்த்தோம், கேட்கவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தோம். கல்யாணம் நின்றது. தகவல் சொன்ன பிள்ளைகள் யார் என்று ஊரே தேடியது. ஆறு மாதம் கடையில் எனக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா இன்று வரை பேசவில்லை. பெண் படித்தாள். கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வந்தபோது எனக்குப் போன் செய்தாள். 'அம்மாகிட்ட பாதி குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க' என்றாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஊரில் கல்விச் சீர் கொண்டு வந்தார்கள். பெண்ணுக்குச் சீர் வைப்பது மாதிரியே, முன்னால் பம்பை அடித்துக்கொண்டு, வரிசைத் தட்டில் நோட்டு, பேனா, பூகோள உருண்டை, ஆளுக்கொரு நாற்காலி, இரண்டு மின்விசிறி. டேங்க் ஆபரேட்டர் தலையில் தண்ணீர் டிரம். எல்லோருக்கும் பின்னால் பூசாரித் தாத்தா வந்தார். எங்கள் பள்ளியில் அதுவரை மணி என்றால் வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான். அதைத் தினமும் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வேடியப்பனுக்கு யாரோ நேர்ந்து கட்டிய வெண்கல மணியைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து எச்.எம். கையில் கொடுத்தார்.

எச்.எம். அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, காணாமல் போய்விடக் கூடாதே என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். போன மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். இன்னும் தண்டவாளத் துண்டைத்தான் அடிக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, எம்பி எம்பி அடித்துக்கொண்டிருந்தான்.

வணக்கம்.