கர்ப்பிணிகளில் எட்டு மணி நேரத் தூக்கம் யாருக்குக் கிடைக்கிறது?

[திரையில்: தகரக் கூரை வீடு. சுழலும் டேபிள் ஃபேன்.]

வணக்கம். "நல்லா தூங்குங்க, இடது பக்கமா படுங்க." மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகிற கர்ப்பிணிகள் பலரும் கேட்டிருக்கும் அறிவுரை இது. சொல்வது சுலபம். ஆனால் கூரை எதில் போட்டது, கழிப்பறை எவ்வளவு தூரம், காலையில் யார் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு கர்ப்பிணியின் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் உடம்பு. ஆரம்ப மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் பகலிலேயே கண்ணைச் செருகும். கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, ராத்திரியில் பல தடவை சிறுநீர். இதுவரை எல்லாருக்கும் பொது. அப்புறம்தான் வித்தியாசம். கட்டிலிலிருந்து இறங்கி நாலடி நடந்து வருபவர் மறுபடி தூங்கிவிடுவார். எட்டாம் மாத வயிற்றோடு பாயிலிருந்து கையூன்றி எழுந்து, டார்ச் அடித்துக்கொண்டு வெளியே போய் வருபவருக்குத் தூக்கம் போனது போனதுதான்.

[திரையில்: கையில் கட்டும் தூக்க அளவி]

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்தார்கள். முதல் குழந்தையைச் சுமந்த 782 பெண்களின் தூக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவியால் பதிவு செய்த ஆய்வு 2017இல் வெளியானது. ஏறத்தாழ 28 சதவீதம் பேர் 7 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. வயது, இனம், உடல் எடை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பொறுத்துத் தூக்க நேரம் மாறியது. தூக்கத்துக்கும் காப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அங்கே வருமானம் குறைந்தவர்களுக்கு அரசுக் காப்பீடு, மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தனியார் காப்பீடு. அதாவது, காப்பீட்டைக் கேட்டால் வருமானம் ஓரளவு தெரிந்துவிடும்.

சரி, நம்ம ஊர்? இங்கே முதல் எதிரி சூடு. தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கர்ப்பிணியின் உடம்போ வழக்கத்தைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி அதைக் கக்குகிறது. 68 நாடுகளில் 47,000க்கும் மேற்பட்டவர்களின் கைப்பட்டைப் பதிவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வு, இரவுச் சூடு கூடும்போது தூக்கம் குறைவதைக் காட்டியது. ஏழை நாடுகளில் இழப்பு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும் அதிகம். கர்ப்பிணிகளை மட்டும் எடுத்த ஆய்வு இல்லை அது. ஆனாலும் மே மாதத்தில் ஏசி இல்லாத வீட்டில் எட்டாம் மாதத்தைக் கழித்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கால் குடைச்சல். படுத்த உடனே காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக, சிலருக்குத் தூக்கம் கெடுவது தட்டிலிருந்தே தொடங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு மட்டும் போடாதீர்கள். உடம்பில் சரியாகச் சேராது.

ஒரே பெண்ணுக்கும் ஒரு பிரசவம் போல இன்னொன்று இருப்பதில்லை. முதல் தடவை வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனால் மதியத் தூக்கமாவது உண்டு. இரண்டாவது தடவை மூத்த பிள்ளைக்கு ஸ்கூல் வேன் ஏழரைக்கு வந்துவிடும். சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு எந்தத் தடவையும் மதியத் தூக்கம் இல்லை.

[திரையில்: ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண்]

படுக்கும் விதத்துக்கு வருவோம். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போவதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2019இல் வந்த ஆய்வில், மல்லாந்து படுத்தவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல். அபாயம் மொத்தத்தில் சிறியதுதான், பயம் வேண்டாம். அதே ஆய்வில் இடமோ வலமோ வித்தியாசம் தெரியவில்லை. நடுவில் விழித்து மல்லாந்து கிடந்தால் திரும்பிப் படுங்கள், போதும். "எழுந்து உட்கார்ந்துதான் திரும்பணும், இல்லாட்டி கொடி சுத்திக்கும்" என்று பாட்டி சொல்வார். கொடி அப்படிச் சுற்றாது. எழுந்து உட்கார்ந்தால் கலைவது உங்கள் தூக்கம்தான்.

கடைசியாக, குறட்டை. கர்ப்பத்தில் புதிதாகப் பலமான குறட்டை வந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று திணறினாலோ, டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதற்கும் கர்ப்பகால ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள். உங்கள் குறட்டையைக் கேட்டவர் அவர்தானே.